பயணி இல்லாத ரயில்வே: கொச்சி முன்மாதிரி

இந்திய ரயில்வேக்கு உள்ள குறை ஒன்றே ஒன்றுதான். அதில் ஆட்கள் ஏறுகிறார்கள். நிலக்கரி ஏறினால் லாபம், சிமென்ட் ஏறினால் லாபம், இரும்புத்தாது ஏறினால் லாபம். மனிதன் ஏறினால் மட்டும் நஷ்டம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2016-இல் ரயில்வேயே டிக்கெட்டில் அச்சடித்துச் சொன்னது. உங்கள் பயணச் செலவில் 57 சதவிகிதம்தான் எங்களுக்குத் திரும்பி வருகிறது. மீதி 43 சதவிகிதத்தை இந்நாட்டின் சாமானியக் குடிமக்கள் சுமக்கிறார்கள், அது தெரியுமா உங்களுக்கு என்று ஒரு கேள்வி வேறு.

ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில், டச்சுக்காரன் காலத்தில் கூட்டிவரப்பட்ட வண்ணார் குடும்பங்கள் இன்றும் தமிழ் பேசிக்கொண்டு துணி வெளுக்கின்றன. அங்கிருந்து ஒரு பெரியவர் தமிழ்நாட்டில் ஒரு சாவுக்குக் கிளம்புகிறார் என்று வையுங்கள். சாவு முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவதில்லை, ஆகவே ரிசர்வேஷன் கிடையாது. ஜெனரல் பெட்டியில், கழிப்பறைக் கதவுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் இடையில், ஒரு காலுக்கு மட்டும் இடம் கிடைக்கிறது. மேலே சாமான் வைக்கும் தட்டில் நான்கு பேர் குந்தியிருக்கிறார்கள். ஒருவனுடைய பாதம் இவர் காதை உரசுகிறது. சட்டைப் பையில் இருக்கும் அந்தக் காகிதம் அவரைப் பார்த்துக் கேட்கிறது: சாமானியக் குடிமக்களின் காசில் போகிறாயே, வெட்கமில்லையா? இவரைவிடச் சாமானியமான குடிமகனை இந்த நாட்டில் எங்கே போய்த் தேடிப் பிடிப்பார்கள்?

சரி, அந்த 43 சதவிகிதம் எங்கிருந்து வருகிறது? பட்ஜெட் தெரிந்தவர்கள் 'குறுக்கு மானியம்' என்பார்கள். சரக்கு ரயிலில் வருகிற லாபத்தை எடுத்துப் பயணிகள் நஷ்டத்தில் போடுகிறார்கள். 2023-24-இல் சரக்கு வருமானம் சுமார் 1,68,000 கோடி ரூபாய். பயணிகள் வருமானம் சுமார் 70,000 கோடி. சரக்கில் பாதி நிலக்கரி. நிலக்கரிக்கு ரயில் வாடகை கூடினால் அனல்மின் நிலையம் மின்சாரத்தின் விலையைக் கூட்டும். அந்த மின்சாரத்தைக் கேரள மின்வாரியம் வெளியிலிருந்து வாங்கும். பில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை தூக்குகிறவர் வீட்டுக்கு வரும். ஆந்திராவிலிருந்து வருகிற அரிசிக்கும் இதே கதைதான். ஆக, டிக்கெட் கவுண்டரில் 57 கொடுத்த அதே மனிதர்தான் அரிசிக் கடையிலும் மின்வாரிய அலுவலகத்திலும் போய் மீதி 43-ஐயும் கட்டுகிறார். முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, 'ஓசியில் போகிறாய்' என்ற வசவையும் வாங்கிக்கொள்கிறார். ஊரான் வீட்டு நெய்யே என்று எடுத்து ஊற்றுகிறவர்கள், நெய் யாருடையது என்பதையாவது மறக்காமல் இருக்கலாம்.

2024 டிசம்பரில் ரயில்வே அமைச்சர் மக்களவையில் புதுக் கணக்குச் சொன்னார். 100 ரூபாய் செலவாகும் இடத்தில் 54 ரூபாய்தான் வாங்குகிறோம், மொத்த மானியம் 56,993 கோடி. 43 போய் 46 ஆகிவிட்டது. நின்றுகொண்டு போனவர் இப்போதும் நின்றுகொண்டேதான் போகிறார், கடன் மட்டும் மூன்று புள்ளி ஏறிவிட்டது. 2017-இல் பறக்கத் தொடங்கிய உடான் விமானத் திட்டத்தில் விமானக் கம்பெனியின் இழப்பை ஈடுகட்ட அரசு பணம் கொடுக்கிறது. அந்த விமானத்தில் ஏறுகிறவரின் டிக்கெட்டில் இப்படியொரு வாசகத்தை எவராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், நான் இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பயணிதான் நஷ்டம் என்றால், பயணியே இல்லாத ரயில்வேதான் உன்னதமான ரயில்வே. அந்த உன்னதத்தை நாட்டின் மற்ற பகுதிகள் இனிமேல்தான் எட்டவேண்டும். கொச்சி எப்போதோ எட்டிவிட்டது. நம்பாதவர்கள் மட்டாஞ்சேரிக்கு வரலாம். என்ன, ரயிலில் வர முடியாது.

மட்டாஞ்சேரிக் கால்வாய்க்கு அக்கரையில் இருப்பது வில்லிங்டன் தீவு. 1920-இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய இன்ஜினியர், காயலைத் தூர்வாரி, அந்த மண்ணையே கொட்டி உண்டாக்கிய தீவு. அதன்மேல் 1940-களின் தொடக்கத்தில் கொச்சின் ஹார்பர் டெர்மினஸ் வந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர் நான்கு எட்டு வைத்தால் மதராஸ் ரயில். பெங்களூருக்கு இங்கிருந்து ஓடிய வண்டிக்கு 'ஐலண்ட் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வந்ததே இந்தத் தீவால்தான். வண்டி இன்றும் ஓடுகிறது, பெங்களூருக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில். தீவுக்கு மட்டும் வருவதில்லை.

தீவுக்குப் போகும் வெண்டுருத்திப் பாலம் பழுது, அது இது என்று 2000-களில் பயணிகள் ரயில் நின்றது. பிறகு 2018 செப்டம்பரில், பெருவெள்ளத்தின் ஈரம் காய்வதற்குள், எர்ணாகுளம் சவுத்துக்கும் ஹார்பருக்கும் இடையே ஒரு டெமு விட்டார்கள். பத்து ரூபாய் டிக்கெட். எட்டொன்பது கிலோமீட்டர் தூரத்தை அது ஊர்ந்து கடந்த வேகத்துக்கு, தோப்பும்படியிலிருந்து ஒருவர் சைக்கிளில் கிளம்பியிருந்தால் முன்னால் போய் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார். ஆள் ஏறவில்லை. ஆள் ஏறவில்லை என்று கொஞ்ச நாளிலேயே நிறுத்தினார்கள். இதில் ஒரு நயம் இருக்கிறது, கவனியுங்கள். ஆள் ஏறினால் நஷ்டம் என்று டிக்கெட்டில் அச்சடிக்கிற நிறுவனம், ஆள் ஏறாததால் நஷ்டம் என்று ரயிலை நிறுத்துகிறது. அதன்பிறகு தீவுக்கு வந்ததெல்லாம் 'புதுப்பிக்கப் போகிறோம்' என்ற அறிவிப்புகள்தான்.

இரண்டாவது முன்மாதிரி வல்லார்பாடம். கன்டெய்னர் முனையத்துக்காக இடப்பள்ளியிலிருந்து 8.86 கிலோமீட்டர் பாதை. அதில் வேம்பநாட்டுக் காயல்மேல் மட்டும் 4.62 கிலோமீட்டர் பாலம். அசாமில் போகிபீல் வரும்வரை இந்தியாவின் மிக நீளமான ரயில் பாலம் அதுதான். 2011-இல் முனையம் திறந்தபோது, நாட்டின் பெட்டிகளெல்லாம் இந்த வழியாகத்தான் போகப் போகின்றன என்றார்கள். பெட்டிகள் லாரியில் போய்க்கொண்டிருக்கின்றன. பாலத்தின்மேல் பயணிகள் ரயில் ஒன்றுகூட ஓடியதில்லை. கீழே சீனவலைக்காரர் தலையை நிமிர்த்திப் பார்க்கவேண்டிய அவசியம் எப்போதாவதுதான் வருகிறது.

மூன்றாவது காலடி. அங்கமாலி சபரி பாதைக்கு 1997-98-இல் அனுமதி கிடைத்தது. எருமேலி வரை 111 கிலோமீட்டர். இதுவரை போட்டது அங்கமாலியிலிருந்து காலடி வரை ஏழு கிலோமீட்டர். பெரியாற்றின்மேல் பாலம் இருக்கிறது, காலடியில் ஸ்டேஷன் இருக்கிறது, பிளாட்பாரம் இருக்கிறது. ஆதிசங்கரர் பிறந்த ஊர் என்பதால் ரயில் மட்டும் மாயை. பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 2008 பட்ஜெட்டில் அறிவித்த ரயில்பெட்டித் தொழிற்சாலையை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். அதில் பயணி மட்டுமல்ல, தொழிற்சாலையே இல்லை. அது வேறு தகுதி.

கொச்சிக்கு ரயில் வந்த கதையைக் கேட்டால்தான் வயிறு இன்னும் எரியும். ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்குப் பாதை போடப் பணமில்லை. கொச்சி ராஜா ராமவர்மா, திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார். பதினைந்தில் பதினான்கு போயிற்று என்று கொச்சி முழுவதும் சொல்வார்கள். 1902-இல் ரயில் வந்தது. ராஜா தர்மத்துக்கு ரயில் விட்டார் என்று நான் சொல்லவில்லை. தேக்கும் மிளகும் துறைமுகமும் அவர் கணக்கில் இருந்தன. ஆனாலும் யானையின் நெற்றியிலிருந்து எடுத்தார், ஏறுகிறவன் நெற்றியிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பணத்தில் எழுந்த பழைய எர்ணாகுளம் ஸ்டேஷனில்தான் 1925-இல் வைக்கம் போகிற வழியில் காந்தி வந்து இறங்கினார். மூன்றாம் வகுப்புப் பயணத்தின் கொடுமையைப் பற்றி அவர் எழுதியவற்றை ரயில்வே படித்திருக்கவேண்டும், ஏனென்றால் கொடுமையை வைத்துக்கொண்டு வகுப்பின் பெயரை மட்டும் மாற்றியது. இன்று அந்த ஸ்டேஷன் உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால் காடு பிடித்துக் கிடக்கிறது. நீதிக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதற்கு விடிவில்லை.

இனி இப்போதைய ராஜாக்களின் கணக்குக்கு வருவோம். 1924 முதல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. எந்தப் பாதைக்கு எவ்வளவு, எந்த வண்டி எங்கே நிற்கும் என்று நாடாளுமன்றத்தில் ஒரு முழு நாள் சண்டை நடக்கும். எம்.பி.க்கள் தொகுதிக்கு ஒரு ஸ்டாப் வாங்கிக்கொண்டு வருவார்கள். 2016 பிப்ரவரியோடு அது முடிந்தது. பொது பட்ஜெட்டில் கரைத்துவிட்டார்கள். இப்போது அரசு பட்ஜெட்டிலிருந்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கோடி ரூபாய் ரயில்வேக்குப் போகிறது. முன்பு எந்நாளும் கிடைக்காத தொகை, மறுக்கவில்லை. ஆனால் நிதியமைச்சரின் உரையில் ரயில்வேக்கு இரண்டு வாக்கியம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ரயில்வே நூறு ரூபாய் சம்பாதிக்க எவ்வளவு செலவழிக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. 'ஆபரேட்டிங் ரேஷியோ' என்பார்கள். 2017-18-இல் அது 98.44 என்று காட்டினார்கள். அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி தோண்டிப் பார்த்தபோது, என்டிபிசி, இர்கான் ஆகிய அரசு நிறுவனங்களிடமிருந்து பிற்பாடு வரவேண்டிய பணத்தை முன்கூட்டியே வாங்கிக் கணக்கில் வைத்திருந்தது தெரிந்தது. அது இல்லாவிட்டால் 102.66; அதாவது 1,665 கோடி உபரி என்று காட்டிய இடத்தில் 5,676 கோடி பள்ளம். குடித்தனக்காரரிடம் அடுத்த வருஷ வாடகையை இப்போதே வாங்கிவைத்துக்கொண்டு, 'இந்த வருஷம் நல்ல வரும்படி' என்று சம்பந்தி வீட்டில் பெருமை பேசுவது போலத்தான். இப்படிக் கணக்கெழுதுகிறவர்கள்தான் நமக்கு 43 சதவிகிதப் பாடம் நடத்துகிறார்கள்.

பாடத்தோடு நிற்கவில்லை, வசூலும் நடக்கிறது. 1997-இல் தட்கல், 2014-இல் பிரீமியம் தட்கல், 2016-இல் ராஜதானி சதாப்திகளுக்கு ஏற ஏறக் கட்டணம். கொரோனா வந்தபோது பாசஞ்சர் வண்டிகளுக்கு 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்று பெயர் சூட்டினார்கள். வேகம் அதேதான், நிற்கும் இடமெல்லாம் அதேதான். பத்து ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் முப்பதாயிற்று. 2024 பிப்ரவரி கடைசியில், தேர்தல் வாசலில் வந்து நின்றபோது, மறுபடி பத்து ரூபாய் ஆயிற்று. இடமே கொடுக்காமலும் சம்பாதிக்கலாம்: ரத்தான வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுகளிலிருந்து மட்டும் 2021 முதல் 2024 ஜனவரி வரை 1,229 கோடி ரூபாய் கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ரயில்வேயே பதில் தந்தது. மனிதனை ஏற்றாமலே மனிதனிடம் காசு வாங்கும் இந்த வழி, என் கொள்கைக்கு மிக நெருக்கமானது.

2020 மார்ச் 20-ஆம் தேதி மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தினார்கள். அதுவரை அறுபது கடந்த ஆண்களுக்கு 40 சதவிகிதம், 58 கடந்த பெண்களுக்கு 50 சதவிகிதம் தள்ளுபடி இருந்தது. கொரோனாவில் வயதானவர்கள் வெளியே போகக்கூடாது என்ற அக்கறையாம். கொரோனா போய்விட்டது, அக்கறை போகவில்லை. ஐந்து ஆண்டுகளில் இந்த அக்கறையால் வந்த கூடுதல் வருமானம் 8,900 கோடிக்கு மேல். மும்பை அகமதாபாத் புல்லட் ரயிலின் அறிவித்த செலவு 1,08,000 கோடி. பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் போகிற கிழவிகளின் முந்தானை முடிச்சை அவிழ்த்தால், புல்லட் ரயிலில் பன்னிரண்டில் ஒரு பங்குகூடத் தேறாது. தேறாத காசுக்காக எதற்கு இந்த அற்பத்தனம்?

பயணி நஷ்டம் என்ற தத்துவத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: வந்தே பாரத். 2023 ஏப்ரல் 25-இல் திருவனந்தபுரத்தில் பிரதமர் கொடியசைத்தார், செப்டம்பரில் ஆலப்புழை வழியாக இரண்டாவது வந்தது. நல்ல வண்டி, நிரம்பித்தான் ஓடுகிறது. ஆனால் ஆலப்புழைப் பாதையில் எர்ணாகுளத்திலிருந்து அம்பலப்புழை வரை ஒற்றைத் தண்டவாளம். வந்தே பாரத் வருகிறதென்றால் வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து நிற்கும் பாசஞ்சரைக் கும்பளத்திலோ துறவூரிலோ ஓரம் கட்டுகிறார்கள் என்று சீசன் டிக்கெட்காரர்கள் கத்தினார்கள். வந்தே பாரத்தால் எந்த வண்டிக்கும் தாமதம் இல்லை என்று ரயில்வே விளக்கம் தந்தது. அமெரிக்காவில் சரக்குக் கம்பெனிகளின் தண்டவாளத்தில் ஓடும் ஆம்ட்ராக் பயணி ரயிலுக்குச் சரக்கு ரயில் வழிவிடவேண்டும் என்று சட்டமாவது இருக்கிறது; விடுவதில்லை என்பது வேறு. இங்கே பயணி ரயிலை நிறுத்திவைப்பது இன்னொரு பயணி ரயிலுக்காக. ஜாதி நமக்குத் தண்டவாளத்திலும் வேண்டியிருக்கிறது.

2024 மே மாதம் முதல் வேணாடு எக்ஸ்பிரஸ் எர்ணாகுளம் சவுத்தைத் தவிர்த்தது. மட்டாஞ்சேரிக்காரர்களுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் இருக்கும் ஸ்டேஷன் அதுதான். செப்டம்பரில் அதே வேணாட்டில், நெரிசலில் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அக்டோபரில் கொல்லத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே ஒரு மெமு வந்தது. ஒரு மெமுவின் விலை இரண்டு மயக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆலப்புழைப் பாதையை இரட்டையாக்க எத்தனை பேர் விழவேண்டும் என்பதற்கு விலைப்பட்டியல் இன்னும் வரவில்லை.

மாநில அரசைச் சும்மா விட்டால் டெல்லி கோபித்துக்கொள்ளும். 63,941 கோடியில் சில்வர்லைன், காசர்கோட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நான்கு மணி நேரம் என்று சொல்லி 2022-இல் வீட்டு முற்றங்களில் மஞ்சள் கல் நட்டார்கள். அடுக்களை வாசலில் கல்லைப் பார்த்த பெண்கள் பிடுங்கி எறிந்தார்கள், போலீஸ் இழுத்தது. 529 கிலோமீட்டரை நான்கு மணியில் கடக்கிற கனவுக்கு இருந்த வேகத்தில் கொஞ்சம், ஹார்பரின் எட்டொன்பது கிலோமீட்டருக்காக டெல்லியோடு மல்லுக்கட்டவும் இருந்திருக்கலாம்.

இதுவரை சிரித்துக்கொண்டு எழுதினேன். இனி முடியாது.

2017-18-இல், பாதுகாப்புக்கென்று ஒரு லட்சம் கோடி ரூபாயில் ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்ஷா கோஷ் என்று ஒரு நிதி அமைத்தார்கள். தண்டவாளம் மாற்ற, சிக்னல் சரிசெய்ய, மனித உயிர் போகாமல் காக்க. அதிலிருந்து வாங்கிய பொருட்களில் கால் பிடித்துவிடும் கருவியும் பீங்கான் பாத்திரமும் குளிர்கால மேலங்கியும் இருந்தன என்று சிஏஜி தணிக்கையில் வெளிவந்தது. யாருடைய கால்? நின்றுகொண்டே போகிறவன் காலா? 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவில் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதி 290 பேருக்கு மேல் செத்தார்கள். ஜெனரல் பெட்டியில் போனவர்களில் பலருக்கு ரிசர்வேஷன் பட்டியலில் பெயர்கூட இல்லை. சிக்னல் ஒயரிங்கில் தவறு என்றார்கள். கீழ்மட்ட ஊழியர்கள் மூவரை சிபிஐ கைது செய்தது. அதற்கு மேலே படிக்கட்டில் யாரும் ஏறிப் பார்க்கவில்லை. 1956-இல் அரியலூரில் ரயில் ஆற்றில் விழுந்தபோது லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார் என்பதைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். பாலசோருக்குப் பிறகு அந்தப் பழக்கம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வில்லிங்டன் தீவின் பெயரைச் சுமந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ், 1988 ஜூலை 8-ஆம் தேதி கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டுபிடித்த குற்றவாளி, சுழற்காற்று. அன்றைக்கு அங்கே அப்படியொரு காற்றை எந்த மீனவனும் பார்க்கவில்லை என்று ஊரே சொன்னது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் காற்றின்மேல் வழக்குப் போட முடியுமா? மின்விசிறி சுழலாத பெட்டிகளை ஓட்டும் நிறுவனம், 105 பிணங்களுக்குக் காற்றைக் காரணம் காட்டியது.

கடைசியாக ஒரு வாதம் வரும்: ரயில்வே லாபத்தில் ஓடவேண்டாமா? 1963-இல் பிரிட்டனில், ரசாயனக் கம்பெனியிலிருந்து அழைத்துவரப்பட்ட பீச்சிங், நஷ்டப் பாதைகளை வெட்டினால் லாபம் வரும் என்று ஆயிரக்கணக்கான ஸ்டேஷன்களை மூடச் சொன்னார். மூடினார்கள், லாபம் வரவில்லை. தொண்ணூறுகளில் தனியாருக்கு விற்றார்கள். 2025 மே முதல் ஒவ்வொன்றாக அரசே திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. லக்சம்பர்க் 2020-இல் இரண்டாம் வகுப்புக்கு டிக்கெட்டையே ஒழித்துவிட்டது. நாம் அவ்வளவு கேட்கவில்லை. டிக்கெட் வாங்குகிறோம், உட்கார ஓர் இடம் கேட்கிறோம். அரசு ரோடு போடுகிறது, ஆஸ்பத்திரி கட்டுகிறது, அவற்றின் லாபம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஏழை ஏறுகிற வண்டியின் லாபத்தை மட்டும்தான் கேட்கிறார்கள்.

2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் வாட்டர் மெட்ரோ படகு வந்துவிட்டது. காயலைத் தாண்டிக் குளிர்சாதனப் படகில் தீவுக்குப் போய் இறங்கலாம். இறங்கியபின் ரயிலுக்குத்தான் வழியில்லை. ஓட்டுக் கேட்டு வருகிற எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் மறிக்கவேண்டும். கிழவன் கிழவிகளின் சலுகையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ரயில்வே கணக்கைப் பழையபடி தனியாக நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆலப்புழைக்கு இரண்டாவது தண்டவாளத்தைப் போட்டு முடிக்கச் சொல்லுங்கள். படகு வந்து சேரும் நேரத்துக்கு, மனிதன் ஏறக்கூடிய வேகத்தில், ஹார்பர் டெர்மினஸிலிருந்து ஒரு வண்டி விடச் சொல்லுங்கள். ஆள் ஏறுகிறார்களா இல்லையா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.